டெய்லர் ஸ்விஃப்டின் 'ஷோகேர்ள்' ஆல்பம்: தண்டையார்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா மைக் செட் கடை நடத்திய அறையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். வாரத்துக்கு ஒரு ஆல்பம், முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் நிறுத்தாமல். 2025 அக்டோபர் 3 அன்று வெளியான டெய்லர் ஸ்விஃப்டின் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' ஆல்பத்தை மட்டும் மூன்று வாரம் வைத்துவிட்டோம். டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், காசிமேட்டில் இருந்து வரும் கானா பாடகர்கள் என எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

யாருக்கா இந்த டெய்லர் ஸ்விஃப்ட்? பேரு மட்டும் எல்லா எடத்துலயும் காதுல விழுது.

அமெரிக்காக்காரர். 1989-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் ஊருக்குக் குடும்பத்தோடு போய், 2006-ல் தன் 16 வயதில் முதல் ஆல்பம் போட்டார். பிறகு பாப் பக்கம் வந்தார். தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறவர். 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 'எராஸ்' என்ற பெயரில் 149 கச்சேரிகள் செய்தார், டிக்கெட் விற்பனை மட்டும் 200 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பயணத்தில் நமக்குப் பக்கமாக அவர் வந்த இடம் சிங்கப்பூர். இந்தியாவுக்கு வரவில்லை.

'ஷோகேர்ள்' அவருடைய 12-வது ஸ்டூடியோ ஆல்பம். அதில் இருப்பதும் 12 பாட்டுதான், மொத்தம் 41 நிமிடம் சொச்சம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையத்தில் இறங்குவதற்குள் கேட்டு முடித்துவிடலாம்.

ஸ்டூடியோ ஆல்பம்னா இன்னா? படத்துப் பாட்டு அஞ்சு சேந்து வருதே, அதுவும் ஆல்பம்தான?

நம் ஊரில் ஆல்பம் என்றாலே சினிமா என்று பழகிவிட்டது. படப் பாட்டு, கதையில் ஒரு இடத்துக்காக எழுதப்படுவது. கதாநாயகன் அழ வேண்டிய இடத்துக்கு அழுகைப் பாட்டு, அறிமுகத்துக்குக் குத்துப் பாட்டு. ஸ்டூடியோ ஆல்பத்தில் அப்படி யாருடைய கதையும் முன்னால் கிடையாது. பாடுகிறவர் தன் மனதில் இருப்பதை எழுதி, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்து, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று வரிசையும் தானே வைக்கிறார். மேடைக் கச்சேரியைப் பதிவுசெய்து விற்பது வேறு வகை, பழைய பாட்டுகளைத் தொகுத்துப் போடுவதும் வேறு வகை.

அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. ஐந்தாவது இடத்தில் மனதை அதிகம் திறந்து காட்டும் பாட்டை வைப்பது இவர் வழக்கம். அதனால்தான் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன்.

'ஷோகேர்ள்'னா டான்ஸ் ஆடுற பொண்ணா? அதுல பெருமை இன்னா இருக்கு?

இறகும் ஜிகினாக் கல்லும் வைத்த உடையில், லாஸ் வேகஸ் போன்ற ஊர்களின் அரங்குகளில் ஆடும் பெண்களுக்கு அந்தப் பெயர். நம் தெருவில் புரிய வேண்டுமென்றால், திருவிழா மேடையில் ரெக்கார்டு டான்ஸ் ஆடும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே கண் கொட்டாமல் பார்க்கும். விடியற்காலையில் வேனில் ஏறும்போது அவள் காலில் வீக்கம் இருக்கிறதா, சாப்பிட்டாளா என்று கேட்க ஆள் இருக்காது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதைத்தான் சொல்கிறது. கிட்டி என்ற மேடை நட்சத்திரத்தைப் பார்க்கப் பூச்செண்டோடு வரும் இளம் பெண்ணிடம், 'இந்த வாழ்க்கை என்னவென்று உனக்குத் தெரியாது' என்கிறாள் அந்த நட்சத்திரம். இளம் பெண் கேட்கவில்லை, அவளும் மேடை ஏறுகிறாள். சப்ரினா கார்பென்டர் கூடப் பாடுகிறார். எராஸ் கச்சேரிகள் சிலவற்றில் ஸ்விஃப்டுக்கு முன்னால் மேடையேறிப் பாடியவர் அவர். அப்படிப்பட்டவரே இந்தப் பாட்டில் சேர்ந்தது பொருத்தம். பெருமை என்ன என்று கேட்ட அம்மாவுக்கு ஒன்று சொன்னேன். ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவை மேடையில் பாடி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்த இசைவாணி, நம் ராயபுரத்துப் பெண். அவர் தாண்டி வந்ததும் இதே மாதிரிக் கேள்விகளைத்தான்.

எனக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராது. எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?

மூன்றாவது பாட்டான 'ஓபலைட்'. மொழி தெரியாமலே கால் தாளம் போடும். ஓபல் என்பது இயற்கையாகக் கிடைக்கும் கல், ஓபலைட் மனிதர் செய்யும் கண்ணாடி. சந்தோஷத்தையும் அப்படி நாமே செய்துகொள்ளலாம் என்பது பாட்டின் கரு. அது பிடித்தால் முதல் பாட்டான 'தி ஃபேட் ஆஃப் ஓஃபீலியா'வுக்குப் போங்கள்.

அந்த மொதப் பாட்டுல வர்ற ஓஃபீலியா யாரு?

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் பெண். காதலன் கையாலேயே அப்பா கொல்லப்பட, சித்தம் கலங்கி, ஓடையில் விழுந்து இறந்துபோகிறாள். ஆல்பத்தின் முகப்புப் படத்தில் ஸ்விஃப்ட் தண்ணீரில் கிடப்பது அவளை நினைவுபடுத்தும். பாட்டில் கதை மாறுகிறது. அவளுக்கு வந்த கதி எனக்கும் வந்திருக்கும், நீ வந்து காப்பாற்றினாய் என்கிறார். வீடியோவின் தொடக்கக் காட்சி ஜெர்மனியில் வீஸ்பாடன் ஊர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓஃபீலியா ஓவியத்தை ஒத்திருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து, அந்த ஓவியத்தைப் பார்க்கவே கூட்டமாகப் போனார்கள். ஒரு பாட்டால் பிள்ளைகள் ஓவியம் பார்க்கப் போனது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவங்களே எழுதுறாங்கன்றீங்க. பேரு மூணு பேரு போட்டுருக்கே?

ஆமாம், கூட மேக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக் என்ற இரண்டு சுவீடன்காரர்கள். ஸ்விஃப்டின் பழைய ஆல்பமான '1989'-ன் பெரிய பாட்டுகளில் இவர்கள் கை உண்டு. எராஸ் பயணம் ஐரோப்பாவில் இருந்தபோது, கச்சேரிகளுக்கு நடுவில் சுவீடனுக்குப் பறந்துபோய்ப் பதிவுசெய்தார் ஸ்விஃப்ட். மெட்டும் வாத்தியமும் மூன்று பேர் உட்கார்ந்து செய்வது. வரியில் இருக்கும் வாழ்க்கை அவருடையது. கானாவில் ஒருவர் வரி கட்ட, டோலக் அடிப்பவர் நடையை மாற்ற, பின்பாட்டுக்காரர் ஒரு சொல்லை எடுத்துக்கொடுப்பது நமக்குத் தெரியாததா?

ஒரே வாரத்துல நாப்பது லட்சம் வித்துச்சாமே. நெஜமா அவ்ளோ பேரு காசு குடுத்து வாங்குனாங்களா?

அமெரிக்காவில் முதல் வாரக் கணக்கு 40 லட்சத்து 2 ஆயிரம். ஆனால் இது ஆல்பம் எண்ணிக்கை அல்ல, 'ஆல்பத்துக்குச் சமமான அலகு'. நேரடியாக விற்றது சுமார் 34 லட்சத்து 80 ஆயிரம். மீதி 5 லட்சத்துச் சொச்சமும் அநேகமாகச் செயலிகளில் கேட்டதை மாற்றிப்போட்ட கணக்கு. அப்போதைய விதிப்படி, சந்தா கட்டியவர்கள் 1,250 முறை பாட்டுக் கேட்டால் ஒரு ஆல்பம். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 முறைக்கு ஒன்று.

இதற்கு முன் சாதனையை இங்கிலாந்துப் பாடகி அடெல் வைத்திருந்தார். 2015-ல் '25' ஆல்பம் முதல் வாரம் 33 லட்சத்து 78 ஆயிரம் பிரதி விற்றது. அது இப்போது முறிந்துவிட்டது. வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதல் 12 இடங்களையும் இந்த ஆல்பத்தின் 12 பாட்டுகளே பிடித்தன. நாம் இந்த அறையில் கேட்டதும் சேருமா என்று ஒரு பையன் ஆசையாகக் கேட்டான். இல்லை கண்ணா, அந்தப் பட்டியல் அமெரிக்காவில் கேட்பதை மட்டும்தான் எண்ணும்.

ஒரே ஆல்பத்த முப்பது தினுசா வித்தாங்களாமே. அது ரசிகருங்க தலைல மொளகா அரைக்கிறது இல்லியா?

இந்தக் குறை உண்மை, நானும் இதில் ஸ்விஃப்ட் பக்கம் இல்லை. எல்.பி. ரெக்கார்டில் நிறத்துக்கு ஒன்று, சி.டி.யில் படத்துக்கு ஒன்று, சிலதில் கூடுதலாக ஒரு பதிவு என்று முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள், சில குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் விற்பனை. நான்கைந்து வகை வாங்குகிற ரசிகர் கணக்கில் நான்கைந்து விற்பனையாகிறார். போன கேள்வியில் சொன்ன 34 லட்சத்தை 34 லட்சம் மனிதர்கள் என்று படிக்கக் கூடாது.

அதே சமயம், முதல் வாரத்தில் விற்ற 13 லட்சத்து 34 ஆயிரம் எல்.பி.யில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு. 1991-ல் மின்னணுக் கணக்கு வந்த பிறகு எந்த ஆல்பத்துக்கும் ஒரே வாரத்தில் இவ்வளவு எல்.பி. விற்றதில்லை. கேசட் உறையைத் திறந்து யார் எழுதினார், யார் வாசித்தார் என்று படித்து வளர்ந்தவள் நான். கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாகப் பாட்டு இருப்பது நல்லது. அது ஒன்று போதும் என்கிறேன்.

இவ்ளோ வித்தும் விமர்சனத்துல கிழிகிழின்னு கிழிச்சுருக்காங்களே. எத நம்புறது?

எல்லாரும் கிழிக்கவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் தந்தது, 'கார்டியன்' நாளிதழ் ஐந்துக்கு இரண்டுதான் தந்தது. 'பிட்ச்ஃபோர்க்' இணைய இதழ் பத்துக்கு 5.9. இவ்வளவு தூரம் பிரிந்து நின்றதற்குக் காரணம் எதிர்பார்ப்பு. '1989' காலத்துக் கூட்டணி திரும்புகிறது என்றதும் அதே மாதிரிப் பெரிய பல்லவிகள் வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது அதைவிட அடங்கிய, நிதானமான இசை. உச்சியில் இருக்கும் ஒருவர் இன்னும் தன்னைச் சீண்டியவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது இன்னொரு குறை. 'ஆக்சுவலி ரொமான்டிக்' பாட்டு வேறொரு பாடகியைக் குறித்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. பாட்டில் பெயர் எதுவும் இல்லை.

விற்பனை சொல்வது, எத்தனை பேர் ஆவலாக வந்தார்கள் என்பதை. விமர்சனம் சொல்வது, ஒரு காது என்ன கேட்டது என்பதை. இரண்டும் உங்கள் காதுக்குப் பதில் ஆகாது. அதனால்தான் எங்கள் அறையில் ஆல்பம் முடியும்வரை யாரும் போனில் விமர்சனம் படிப்பதில்லை.

சரி, உங்களுக்குப் புடிச்சுதா? மழுப்பாம சொல்லுங்க.

பாதி பிடித்தது, அந்தப் பாதி ரொம்பவே பிடித்தது. நான் சொன்ன அந்த ஐந்தாவது இடத்தில் இருக்கும் 'எல்டஸ்ட் டாட்டர்' எனக்கு ஏமாற்றம். மூத்த மகள் என்ற பொருளை எடுத்துக்கொண்டு, இணையத்தில் புழங்கும் சொற்களை அடுக்கிப் பாதி பாட்டைக் கரைத்துவிட்டார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட எத்தனையோ மூத்த பெண்கள் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த பாட்டு, 'ருயின் தி ஃபிரெண்ட்ஷிப்', இந்த ஆல்பத்தின் உச்சம் என்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, நட்பு கெட்டுவிடும் என்று சொல்லாமலே விடுகிறாள். வருடங்கள் கழித்துத் தோழியிடம் இருந்து போன், அவன் இறந்துவிட்டான். ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்லறையில் நின்று அன்று சொல்லாததைச் சொல்கிறாள். சந்தோஷமான மெட்டாகவே போய்க்கொண்டிருக்கும், திடீரென்று சாவு உள்ளே வரும், அப்போதும் மெட்டு மாறாது.

முதல் தடவை இதை வைத்த அன்று, காசிமேட்டில் இருந்து வரும் ஐம்பது வயதுக் கானாக்காரர் ஒருவர் ஆங்கிலம் அதிகம் தெரியாமலே, 'இது சாவுப் பாட்டாம்மா?' என்று கேட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுகிற கானாவில் இறந்தவர் பெயர் வரும், அவர் ஓட்டிய வண்டி வரும், நடுவில் சிரிப்பு வரும், மெட்டு ஆட வைக்கும். ஒப்பாரி அழ வைக்கிற இடத்தில் கானா கூடவே உட்கார்ந்திருக்கும். அந்தப் பாட்டும் அதையே செய்கிறது. நடுவில் எவ்வளவு கடல் இருந்தும் அவர் காது அதைக் கண்டுபிடித்தது.

கெட்ட வார்த்தல்லாம் வருதாமே. ஏழாவது படிக்கிற புள்ள கேக்கலாமா?

வருகிறது. 'வுட்' என்ற பாட்டு முழுக்க இரட்டை அர்த்தம். செயலியில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் வசவு இருப்பதற்கான குறி போட்டிருப்பார்கள், பார்த்து முடிவெடுங்கள். பிள்ளைகள் வரும் ஞாயிறுகளில் அந்தப் பாட்டை நான் வைப்பதில்லை. இந்த ஒரு பாட்டுக்காக வரிசையை உடைக்கிறேன்.

'ஃபாதர் ஃபிகர்' பழைய பாட்டு. அத சுட்டுட்டாங்களா?

இல்லை. ஜார்ஜ் மைக்கேல் 1987-ல் பாடிய அதே பெயருள்ள பாட்டின் ஒரு துண்டைப் புதிதாகப் பாடிச் சேர்த்திருக்கிறார்கள். அவர் 2016-ல் இறந்துவிட்டார். அவருடைய உரிமைகளைக் கவனிப்பவர்களிடம் அனுமதி வாங்கி, எழுதியவர் பட்டியலில் அவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். நான் முன்னால் சொன்ன மூன்று பெயரோடு இந்த ஒரு பாட்டில் மட்டும் நான்காவது பெயர் இருப்பது அதனால்தான்.

சினிமா மெட்டில் நம் வரியைப் போட்டுப் பாடுவது கானாவில் சகஜம். தெருவில் பாடும்போது யாரும் கேட்க மாட்டார்கள். அதையே பதிவுசெய்து வலையேற்றிக் காசு பார்க்கும்போது மெட்டுக்கு உரிமை உள்ளவர் வந்து கேட்கலாம், வருமானம் முழுக்க அந்தப் பக்கம் போகலாம். முடிந்தவரை சொந்த மெட்டு கட்டுங்கள்.

சொந்தப் பாட்டையே திருப்பிப் பாடி வித்தாங்களாமே, அது எதுக்கு?

ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்து. வரியும் மெட்டும் ஒன்று. ஒலிப்பதிவு இன்னொன்று. ஸ்விஃப்ட் எழுதியவர் என்பதால் முதல் சொத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. முதல் ஆறு ஆல்பங்களின் பதிவு மட்டும் பழைய கம்பெனியிடம். 2019-ல் அந்தக் கம்பெனியே கைமாறியது, 2020-ல் பதிவுகள் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பாடியவர் கையில் அந்தப் பதிவுகள் எதுவும் இல்லை. அதனால் மறுபடி பாடிப் புதுப் பதிவு செய்தார். 2021-க்கும் 2023-க்கும் இடையில் அப்படி நான்கு ஆல்பம். ரசிகர்கள் புதுப் பதிவையே கேட்டார்கள். கடைசியில் 2025 மே 30 அன்று பழைய பதிவுகளையும் தானே வாங்கிவிட்டதாக அறிவித்தார்.

'ஷோகேர்ள்' ஆல்பத்தை அந்தச் செய்திக்குப் பின் கேட்டுப் பாருங்கள். 'ஃபாதர் ஃபிகர்' பாட்டில் கைதூக்கிவிட்ட பெரிய மனிதரும், தூக்கிவிடப்பட்ட பிள்ளையும் மோதுவது வேறு மாதிரிக் கேட்கும்.

நான் கானா பாடுறேன்க்கா. ஒரு சேனல்காரரு பாட்டப் பதிவு பண்ணி, ஒரு பேப்பர நீட்டிக் கையெழுத்து போடச் சொல்றாரு. போடலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். படிக்காமல் போடாதே தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு பாடகர் மூவாயிரம் ரூபாய்க்கு எழுதிக்கொடுத்த பாட்டு, இன்று ஊரெல்லாம் கல்யாண மண்டபத்தில் ஓடுகிறது. அவர் இன்னும் மீன்பாடி வண்டிதான் ஓட்டுகிறார்.

போன பதிலில் சொன்ன இரண்டு சொத்தை நினைவில் வை. நம் நாட்டுச் சட்டப்படி, காசு போட்டுப் பதிவுசெய்தவருக்குப் பொதுவாகப் பதிவு சொந்தம், 60 வருடம். வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அதது சொந்தம். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக்கொடுத்தாலும், ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போது வரும் பணத்தில், சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுத்தால் செல்லாது. ராயல்டியை வசூலித்துத் தருவதற்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, அதில் உறுப்பினர் ஆகலாம்.

பேப்பரில் எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்றும், எந்த ஊர் வரை என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களை அச்சடித்துக் கொண்டுவருவார்கள். அந்த இரண்டு இடத்தையும் முதலில் தேடு. மறுபடி பாடிப் பதிவுசெய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கும், அது எத்தனை வருடத்துக்கு என்று கேள். வரி எழுதியவர் என்று உன் பெயர் எழுத்தில் இருக்கிறதா பார். ஒரு பிரதி உன் கையில் கொடுக்காவிட்டால் எழுந்து வந்துவிடு.

வக்கீலுக்குக் காசில்லை என்று கவலைப்படாதே. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. பேப்பரை எடுத்துக்கொண்டு நேராகப் போ. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வா, படித்துப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை காலை சேர்ந்து போகலாம்.